ரத்தத்துக்குச் சொந்த ஊர் எது

“ரத்தத்துக்குச் சொந்த ஊர் எது?” என்று கேட்டார் ஆறுமுகநயினார்.

டாக்டர் மெட்டில்டா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நயினார் உட்காரவில்லை. மூச்சு வாங்கியது. மூன்று மாடி ஏறி வந்திருந்தார். மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, அது பிணங்களுக்கு. உயிரோடு வருகிறவர்கள் படியில்தான் ஏற வேண்டும்.

“உக்காருங்க அண்ணாச்சி. நின்னு கேட்டா மட்டும் பதில் சீக்கிரம் வந்துருமா?”

உட்கார்ந்தார். தன்னைவிட இருபது வயது சின்னவள், அதட்டுகிறாள் என்று நினைத்தார். இருந்தாலும் கேள்வி கேட்க வந்தவர் அவர்தான்.

நயினாருக்கு வயது அறுபத்தொன்று. அதில் முப்பத்தெட்டு வருடம் உப்பளச் சங்கம். படித்தது ஆறாம் வகுப்பு. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் கற்றது. அதை அவர் குறையாகச் சொன்னதில்லை. பட்டம் வாங்கியவர்கள் எழுதப் பயந்ததை நான்கு பக்கத்தில் அச்சடித்து, பேருந்து நிலையத்தில் நின்று கையில் திணித்தவர். பிறகு சங்கம் மூன்றாக உடைந்தது. மூன்றும் ஒரே கொடியைப் பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று ஏசின. நயினார் எதிலும் சேரவில்லை. தனியாக நிற்பதில் ஒரு வசதி உண்டு: விட்டுப் போக ஆள் இருக்காது.

இப்போது எலும்பு விட்டுப் போயிருந்தது.

மஜ்ஜை வற்றிவிட்டது என்று வார்டு டாக்டர் சொன்னார். ரத்தத்தைப் பெற்றுப் போடுகிற தாயணுக்கள் எலும்புக்குள் இருக்கின்றன, ஸ்டெம் செல் என்பார்கள், உங்களிடம் அவை தீர்ந்துபோயின, வேறொருவரிடம் வாங்கி உள்ளே விட வேண்டும் என்றார். வற்றுவது பற்றி உப்பளக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆனால் பாத்தி வற்றினால் உப்பாவது மிஞ்சும். இங்கே மிஞ்ச ஒன்றுமில்லை.

சொந்தக்காரர்களைச் சோதித்தார்கள். பொருந்தியவன் ஒருவன்தான். தம்பி சங்கையா.

நயினார் முடியாது என்றார்.

காரணம் கேட்டார்கள். கருங்காலி ரத்தம் என்றார்.

நாற்பத்தேழு நாள் நடந்த வேலைநிறுத்தம் அது. நாற்பத்தோராம் நாள் காலையில் உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆறு குடும்பத்தை அழைத்துக்கொண்டு, அளத்தின் வாசலுக்குள் போனவன் சங்கையா. அன்று மத்தியானமே அண்ணன் நோட்டீஸ் அடித்தார். தலைப்பில் தம்பியின் பெயர். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் பேச்சில்லை. தாய் செத்த வீட்டில்கூட ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

“தானாடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க,” என்றாள் வார்டு சிஸ்டர்.

ஆடுவது சதையா குளிர்காய்ச்சலா என்று பார்த்துச் சொல்லும்படி நயினார் அவளிடம் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார் வார்டு டாக்டர். அதற்கு மேல் தள்ளினால் ஒரு சாதாரணச் சளி போதும், ஆளைக் கொண்டுபோய்விடும்.

அன்று செவ்வாய். நயினார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ரத்தத்துக்குப் பூர்வீகம் எலும்புதான் என்றால், அவனுடைய வேர் என் எலும்பில் இறங்கும். பிறகு அந்த எலும்பு யாருடையது?

வார்டில் முப்பது பேர் காத்திருந்தார்கள். கரு எப்படி வளர்கிறது என்று பாடம் எடுக்கிற ஒருவர் எதிர்க்கட்டடத்து மூன்றாம் மாடியில் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்று வார்டு டாக்டர் அனுப்பிவிட்டார்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று படியில் யாரோ சொன்னார்கள். பார்க்காதே என்று முதலில் சொன்னவனுக்கு மறைக்க ஏதோ இருந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நயினார் ஏறி வந்தார்.

மெட்டில்டா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். உள்ளே கண்ணாடி ஸ்லைடுகள், வரிசை எண்ணோடு.

“அஞ்சு வாரக் கரு. தங்காமப் போனது. தாய்தான் பாடத்துக்குன்னு கொடுத்தா. பாசிப்பயறு நீளம்தான் இருக்கும். தலையிலருந்து கால் வரைக்கும் மெல்லிசா சீவி வச்சிருக்கேன்.”

மைக்ரோஸ்கோப்பைக் காட்டினார். ஒரு நோட்டையும், சிவப்பும் நீலமுமாக இரண்டு பென்சிலையும் கொடுத்தார்.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்வியோடு வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டும். பார்த்ததை வரைய வேண்டும். வரைந்த பிறகுதான் வாய் திறக்கலாம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த சட்டம் உப்பளத் தலைவருக்கும் பொருந்தும் என்று மெட்டில்டா தெரிவித்தார்.

“நேத்துவரைக்கும் உங்க உடம்புல எத்தனை பை ரத்தம் ஏத்தினாங்க?” என்று மட்டும் கேட்டார்.

“பத்தொன்பது.”

“யாரு கொடுத்தது?”

“தெரியாது.”

“அது உங்களுக்கு உறுத்தலையா?”

“தெரியாதவன் எனக்குத் துரோகம் பண்ணலையே.”

மெட்டில்டா விளக்கைப் போட்டுக்கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.


நயினார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஊதாவும் ரோஸுமாக ஒரு ஊர் தெரிந்தது. தெரு எது, வீடு எது, வயல் எது என்று தெரியவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா திரும்பி வந்தபோது, எலும்புதான் சொந்த ஊர், வார்டில் சொன்னார்கள், புத்தகத்திலும் இருக்கிறது என்றார் நயினார்.

“எலும்பை வரைஞ்சு காட்டுங்க.”

தேடினார். முதல் ஸ்லைடிலிருந்து கடைசி ஸ்லைடு வரை தேடினார். அந்த உடம்பில் எலும்பே இல்லை. ஆனால் ரத்தம் இருந்தது. குழாய்க்குக் குழாய் உருண்டை உருண்டையாக ரத்த அணுக்கள் நின்றன.

ஊரே இல்லாதபோது ஊர்க்காரன் எங்கிருந்து வந்தான்?

எலும்பு உண்டாகி, அதற்குள் இடம் குடைந்து, அதன் பிறகுதான் தாயணுக்கள் அங்கே போய்க் குடியேறும், அதற்கு மாதக்கணக்காகும் என்றார் மெட்டில்டா.

பூர்வீகம் என்று நினைத்தது குடிவந்த வீடாகப் போயிற்று. நயினார் அன்று கஞ்சியைத் தொடவில்லை.


புதன்கிழமை வந்ததும் ஈரல் என்றார். ஐந்து வாரக் கருவில் ஈரலைக் கண்டுபிடித்து, சிவப்புப் பென்சிலால் வரைந்தும் வைத்திருந்தார். அது நிறைய ரத்தம்.

மெட்டில்டா வேறொரு பெட்டியைக் கொடுத்தார். அது நான்கு வாரம்.

அதில் ஈரல் இப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. மாங்கொட்டையில் முளை எட்டிப் பார்ப்பதுபோல. ரத்தம் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப இதுவும் வாடகை வீடா?”

“ஆமா. எலும்புக்குப் போறதுக்கு முன்னால இங்கதான் தங்குவாங்க. வளந்து பெருகுறது இங்கதான்.”

மத்தியானம் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். கருவுக்கு வெளியே ஒரு பை தொங்கியது. அதன் சுவரில் தீவு தீவாக ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. மஞ்சட்கருப் பை என்று டாக்டரம்மா பெயர் சொன்னார்.

நயினாருக்கு முகம் மலர்ந்தது. மூலம் வெளியே இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள். அவருக்குள் ஒரு பிரசுரத்தின் முதல் பாராவே ஓடத் தொடங்கிவிட்டது.

“அது முதல் ரத்தம்,” என்றார் மெட்டில்டா. “குழந்தைக்கு உடனே மூச்சு வேணும்ல. அதுக்கு அவசரமா வந்தவங்க. வந்தாங்க, சுமந்தாங்க, பெரும்பாலும் அதோட முடிஞ்சது. இன்னைக்கு உங்க உடம்புல ஓடுற ரத்தம் அந்த வம்சம் இல்ல.”

“முதல்ல வந்தவனுக்குப் பேரே இல்லையா?”

“இல்ல.”

“எங்க சங்கத்துலயும் அப்படித்தான்,” என்றார் நயினார்.

ஆனால் குழப்பம் கூடிவிட்டது. எலும்பு இல்லை. ஈரல் இல்லை. முதல் ரத்தமும் இல்லை. சாகும்வரை ரத்தத்தைப் பெற்றுப் போடுகிற அந்த வம்சம் எங்கே எழுந்தது?

“முதல் பெட்டியிலதான் இருக்கு,” என்றார் மெட்டில்டா. “நீங்க அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கீய.”


வியாழக்கிழமை நயினார் காலையிலேயே வந்துவிட்டார். வரும் வழியில், வார்டு வாசல் பெஞ்சில் சங்கையா உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். மூன்று நாளாக அண்ணன் சுவரைப் பார்த்தபடிதான் அவனைக் கடந்து போகிறார்.

ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்தார். முதுகுப் பக்கத்தில், நடுவில், ஒரு வட்டமான பெரிய ஓட்டை வந்துகொண்டே இருந்தது. பெருந்தமனி. உடம்பின் பெரிய ஆறு. கரை ஒரே ஒரு வரிசை அணுக்களால் கட்டியது. தட்டையாக, ஒன்றோடொன்று கைகோத்துப் படுத்திருந்தன.

தொண்ணூற்றிரண்டாம் ஸ்லைடில் கை நின்றது.

ஆற்றின் அடிப்பக்கக் கரையில், வயிற்றைப் பார்த்த பக்கம், ஒரு கொத்து. ஐந்தோ ஆறோ உருண்டை அணுக்கள். மற்ற ரத்தமெல்லாம் ஓட்டத்தின் நடுவில் இருக்க, இவை மட்டும் கரையைத் தொற்றிக்கொண்டு நின்றன.

நயினாருக்கு இது தெரிந்த காட்சி. எல்லாக் கூட்டத்திலும் இப்படி நாலு பேர் உண்டு. ஊர்வலம் நடுத்தெருவில் போகும். இவர்கள் கடை ஓரமாக ஒதுங்குவார்கள். ஒதுங்கி, மெல்ல, அடுத்த பக்கம் போய்விடுவார்கள்.

வரைந்தார். நன்றாகவே வரைந்தார். கரைக்கு நீலம், கொத்துக்கு நீலமும் சிவப்பும். வரைந்து முடித்ததும், ஓட்டத்திலிருந்து கரையை நோக்கி ஒரு அம்புக்குறி போட்டார்.

“இதுக கருங்காலிக,” என்று நோட்டை நீட்டினார். “ஓட்டத்தை விட்டுட்டுக் கரை ஏறுதுக.”

மெட்டில்டா நோட்டை வாங்கினார். படத்தைப் பார்த்தார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“அச்சு அசலா இருக்கு அண்ணாச்சி. எங்க பிள்ளைக இப்படி வரையாது.”

பிறகு மேசையிலிருந்த ரப்பரை எடுத்தார். அம்புக்குறியை மட்டும் அழித்தார்.

“ஏன்?”

“ஸ்லைடுல அது இல்ல.”

நயினார் கண்ணை வைத்துப் பார்த்தார். கொத்து இருந்தது. கரை இருந்தது. ஓட்டம் இருந்தது. எது எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும் இல்லை.

நெடுநேரம் பார்த்தார். அவை அசையவில்லை. செத்தவை அசையாது.

“அப்ப எந்தப் பக்கம்தான் போகுதுக?”

அதைக் கேட்டு எங்கள் ஆட்களே வெகுகாலம் அடித்துக்கொண்டார்கள் என்றார் மெட்டில்டா. வெட்டி ஒட்டிய துண்டை வைத்துக்கொண்டு, வந்து ஒட்டியது என்றார்கள் சிலர். விட்டுக் கிளம்புகிறது என்றார்கள் சிலர். கடைசியில் ஒரு சின்ன மீனில்தான் கண்ணால் பார்த்தார்கள். அந்த மீனின் கரு கண்ணாடிபோல இருக்கும். உயிரோடு, வெட்டாமல், மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“என்ன பாத்தாங்க?”

“அதுக கரையில ஒட்டிக்கிட்டு நிக்கலை. அதுகதான் கரை. சும்மா படுத்துக்கெடந்த கரையில ஒரு ஆளு மெல்ல உருண்டு, எந்திரிச்சு, பக்கத்து ஆளு கையை விட்டுட்டு, ஆத்துல இறங்குறா. இறங்கின பிறகு அவதான் ரத்தத்துக்குத் தாய். மனுசக் கருவுலயும் அதே கதைதான்னு எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லுதோம்.”

“அப்ப ரத்தம் ரத்தத்துக்குப் பொறக்கலையா?”

“இல்ல. ரத்தம் இல்லாத ஒண்ணுக்குப் பொறந்தது.”

“கரைக்கு ஏன் எந்திரிக்கணும்னு தோணுச்சு?”

“சரியாத் தெரியாது. பேரில்லாமப் போனாங்கன்னு சொன்னமே, அந்த முதல் ரத்தம் ஓடி ஓடி வந்து கரையில மோதுறதும் ஒரு காரணம்னு சொல்லுறாங்க.”

நயினாரின் கண்ணில் ஒரு பளிச்சிடல் வந்தது.

“இதை நோட்டீஸ்ல போட்டுராதிய,” என்றார் மெட்டில்டா.

அவர் போடுகிற நிலையில் இல்லை. நோட்டில் அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்புக்குறி போன தடம் லேசாகத் தெரிந்தது. கேட்க வந்தது ஒரு கேள்வி. இப்போது கையில் எத்தனை இருக்கிறது என்றே தெரியவில்லை.


வெள்ளிக்கிழமை காலை. பெஞ்சைக் கடக்கும்போது நயினார் நின்றார்.

சங்கையா எழுந்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது. இதை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை.

“அன்னைக்கு நீ உள்ளதானல போன?” என்றார். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“ஆமாண்ணே. உள்ளதான் போனேன்.”

நயினாருக்கு ஒரு பழைய நிம்மதி வந்தது. அப்படியென்றால் அச்சடித்தது சரி. ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அவர் நடக்கத் தொடங்கினார்.

“மூணு நாள் போனேன்,” என்றான் சங்கையா, முதுகுக்குப் பின்னால். “நாலாம் நாள் முடியல. வெளிய வந்துட்டேன்.”

நயினார் திரும்பினார்.

“வெளிய வந்து எங்க போன?”

“போராட்டப் பந்தலுக்குத்தான் வந்தேன். பந்தக்கால்ல நீ போட்ட நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நின்னு படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்த. அப்படியே திரும்பிப் போயிட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையேண்ணே.”

வார்டுக்குள் சிஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நயினார் வார்டுக்குள் போகவில்லை. எதிர்க்கட்டடத்துப் படியில் ஏறினார். ஒன்றாம் மாடியில் நின்றார். இரண்டாம் மாடியில் உட்கார்ந்தார். மூன்றாம் மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மெட்டில்டா ஸ்லைடுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

நயினாருக்குப் பேச மூச்சு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“உள்ளயும் போயிருக்கான். வெளியவும் வந்திருக்கான். நான் எந்தப் பக்கம் அம்பு போடணும்?”

மெட்டில்டா கடைசி ஸ்லைடைப் பெட்டியில் செருகி, மூடியைச் சாத்தினார்.

“உயிரோட இருக்கிறதை நான் வெட்டிப் பாக்கிறதில்ல அண்ணாச்சி. அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

நயினார் நின்றார். இன்னும் ஏதோ சொல்வார் என்று எதிர்பார்த்தார். மெட்டில்டா மேசையைத் துடைத்தார்.


கீழே வந்தார். வார்டுக்குள் போய், சிஸ்டரிடம் சரி என்று சொல்லச் சொன்னார். என்ன சரி என்று கேட்டாள். சரிதான், அவ்வளவுதான், டாக்டருக்குத் தெரியும் என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சங்கையா நகர்ந்து இடம் விட்டான்.

இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். ஒன்றும் விளங்கவில்லை நயினாருக்கு. தலைக்குள் நாற்பது வருடப் பிரசுரங்கள் காற்றில் பறந்தன. எதையும் பிடித்துப் படிக்க முடியவில்லை.

“ஒனக்கு என்னல பண்ணுவாங்களாம்?” என்றார் கடைசியில்.

“அஞ்சு நாள் ஊசி போடுவாங்களாம். எலும்புக்குள்ள இருக்கிறதெல்லாம் ரத்தத்துல இறங்குமாம். மெசினை வச்சுப் பிரிச்சு எடுத்துக்கிடுவாங்களாம்.”

“வலிக்குமா?”

“உள்ள கெடக்கிற வரைக்கும் வலிக்காதாம்,” என்றான் சங்கையா. “வெளிய வரும்போதுதான் எலும்பெல்லாம் வலிக்கும்னாவ.”